மீதி ஏழு பேர் எங்கே?

தூக்கில் போடப்பட்டு அறுபது வருடமான ஒருவன், ஒரே வாரத்தில் இருபத்தேழு குழந்தைகளை அந்தக் காப்பகத்தைவிட்டு விரட்டியிருந்தான்.

சுவரில் முப்பத்தோரு கொக்கிகள். நான்கில் மட்டும் பை தொங்கியது. பைகளுக்குச் சொந்தமான நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கி, அடுக்கியதை உதைத்துத் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நாலு பேர் மட்டும் எப்படி மிஞ்சினாங்க?" என்று கேட்டார் கண்டக்டர். குழந்தைகளுக்கான நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்துவிட்டார். எப்படி எழுந்திருப்பது என்பதுதான் அவருடைய அப்போதைய கவலை.

"ரெண்டு பேரு என் தங்கச்சி பிள்ளைங்க. இன்னொருத்தனோட அம்மாவுக்கு விஷயம் தெரியாது. நாலாவது பாப்பாவோட அப்பா, 'கொலைகாரன் வீடா இருந்தாலும் பரவால்ல, ராத்திரி டூட்டி முடிச்சு நான் தூங்கணும்'னு சொல்லிட்டாரு," என்றாள் காப்பகம் நடத்தும் பெண். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நேரமில்லாத முகம்.

சின்ன நாற்காலியை மறுத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் டெய்லரம்மா. இருபத்திரண்டு வருடம் போலீஸ்காரர்களுக்குச் சீருடை தைத்தவர். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் மனிதர்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். டேப்பை எடுத்ததும் மூச்சை விடுவார்கள். மூச்சோடு சேர்த்து வழக்கு விவரத்தையும் விடுவார்கள். அப்படிக் காதில் விழுந்த நான்கைந்து வழக்குகளை ஊசி நூல் கோக்கிற நேரத்தில் முடித்துக் கொடுத்த பிறகு, அவர் தையல் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு 'துப்பறியும் நிலையம்' என்று மாட்டிக்கொண்டார். பயணிகளைக் கிண்டல் செய்து பஸ் வேலையை இழந்த கண்டக்டர், அங்கே உதவியாளராக ஏறிக்கொண்டார்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் டெய்லரம்மா.

அவள் சொன்னாள்.

அந்த ஊர் லாட்ஜ்காரர் தன் லாட்ஜின் கீழ்த்தளத்தில் ஒரு கண்காட்சி திறந்திருந்தார். கண்காட்சியின் நாயகன், சிரப்புக் கம்பவுண்டர். அறுபது வருடத்துக்கு முன்னால் வேறொரு நகரத்து விடுதியில் தங்கியிருந்த பதினொரு பேருக்கு, இருமல் மருந்தில் விஷம் கலந்து, அன்பாக ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தவன். பிடிபட்டபோது வயது முப்பத்திரண்டு. பொய்ப் பெயர். எங்கே பிறந்தான், யார் பெற்றார்கள், எந்தப் பள்ளியில் படித்தான் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவன் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவன் என்று லாட்ஜ்காரர் இப்போது கண்டுபிடித்திருக்கிறார். அத்தாட்சி, ஒரு வகுப்புப் புகைப்படம். அதில் ஒரு பையன் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"திறப்பு விழாவுக்கு ஊர்ல இருக்கிற வயசானவங்களையெல்லாம் கூப்பிட்டாரு. எங்க அப்பா முப்பது வருஷம் தபால் குடுத்தவரு. அவரையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் குடுத்தாங்க. அப்பா திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாரு. 'எங்க அண்ணன்! எங்க அண்ணன் கிடைச்சுட்டான்!'னு ஒரே கத்து. படத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. கீழே என்ன எழுதியிருக்குன்னு அப்புறம்தான் படிச்சாரு."

"கையில மைக்கோடயா?"

"கையில மைக்கோட."



"அந்தப் பெரியப்பா என்ன ஆனாரு?" டெய்லரம்மா கேட்டார்.

"பதினாலு வயசுல வீட்டைவிட்டுப் போனவரு. திரும்பி வரவே இல்ல. ஏன் போனாருன்னு அப்பா இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. அதனாலதான் மேடம், 'அவரா இருக்காது'ன்னு யார்கிட்டயும் அடிச்சுச் சொல்ல முடியல." குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னாலயே முடியல."

இரண்டு குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கண்டக்டர் நாற்காலியிலிருந்து விடுபட்டார்.

*

லாட்ஜ்காரர் பளபளவென்று இருந்தார். தலை, ஷூ, சிரிப்பு மூன்றும்.

"வாங்க வாங்க! துப்பறியறவங்களே பார்க்க வந்திருக்கீங்க. இதைவிட விளம்பரம் எனக்கு என்ன வேணும்?"

கண்ணாடிப் பெட்டிகளில் பழைய மருந்துப் பாட்டில்கள், ஒரு ஸ்பூன், ஒரு தூக்குக் கயிறு. கயிற்றின் மேல் 'மாதிரி மட்டுமே' என்று எழுதியிருந்தது.

"அசலைத் தொங்கவிட்டா லாட்ஜுக்கு ஆள் வராதுல்ல?" என்றார் கண்டக்டர்.

லாட்ஜ்காரர் அதைக் காதில் வாங்காமல் ஒரு பெரிய பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "இதுதான் நம்ம கண்காட்சியோட உயிர். கோர்ட் ஆவணத்துல இருந்து அப்படியே எடுத்தது."

பலகையில் இப்படி இருந்தது:

'குற்றவாளி புன்னகையுடன் கூறியது: பதினொன்று அல்ல ஐயா, பதினெட்டு. முதல் ஏழுக்கு இன்னொருவன் அடி வாங்கிவிட்டான்.'

அதன் கீழே கொட்டை எழுத்தில்: மீதி ஏழு பேர் எங்கே?

"ரெண்டு வருஷம் தோண்டாத இடமில்ல. ஒரு பிணம்கூடக் கிடைக்கல. அந்த ஏழு கொலைக்காகத் தப்பா ஜெயிலுக்குப் போன அப்பாவி யாருன்னும் தேடினாங்க. அப்படி ஒருத்தனும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் மர்மம்தான்." மர்மத்தைத் தானே பெற்று வளர்த்ததுபோல் அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"படத்தைப் பார்க்கலாமா?" என்றார் டெய்லரம்மா.

சுவர் முழுக்கப் பெரிதாக்கப்பட்ட புகைப்படம். மூன்று வரிசையாகப் பையன்கள். நடு வரிசையில் ஒன்பது பேர். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பையனுக்குச் சிவப்பு வட்டம். காது கொஞ்சம் விடைத்த, வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"இந்தப் பையன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நான் எங்கே பண்ணினேன்? அவனே எழுதி வெச்சிருக்கான். அவன் பெட்டியில இந்த வகுப்புப் படம் ஒண்ணு இருந்துச்சு. படம் கோர்ட் கிடங்குல கரையான் அரிச்சுப் போச்சு. ஆனா, அதுக்குப் பின்னால அவன் எழுதினதைக் குமாஸ்தா பதிவு பண்ணி வெச்சிருக்காரு. 'இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது, நான்.' ஸ்டூடியோ பேரும் பதிவுல இருந்துச்சு. அது நம்ம ஊரு ஸ்டூடியோ! அன்னைக்குப் போலீசுக்குப் பிணம் தோண்டவே நேரம் போதல, அவன் சின்ன வயசைத் தேடிக்கிட்டு யாரு இங்கே வர்றது? நான் போய்த் தேடினேன். அந்த ஸ்டூடியோ எடுத்த ஒரே பள்ளிக்கூடப் படம் இதுதான். கண்ணாடி நெகட்டிவ் இன்னும் பத்திரமா இருக்கு."

டெய்லரம்மா படத்தை நெருங்கினார். மூக்கு சுவரில் இடிக்கும் தூரம்.

"கண்டக்டர், எத்தனை பேர் சட்டையில பாக்கெட் இருக்குன்னு எண்ணுங்க."

"பன்னிரண்டு மேடம். பன்னிரண்டும் காலி. அந்தக் காலத்துல டிக்கெட் எடுக்காமத்தான் போயிருப்பானுங்க."

"ம்." டெய்லரம்மா கண்டக்டரின் சட்டைப் பாக்கெட்டையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஏன் ஒருத்தனுக்கும் கால் இல்ல?"

படம் முழங்காலோடு முடிந்திருந்தது.

"ஸ்டூடியோக்காரர் குடுத்ததே அவ்வளவுதான்," என்றார் லாட்ஜ்காரர். பிறகு, மறந்துவிடப் போகிறோமே என்ற அவசரத்தோடு விரலை நீட்டினார். "இதைப் பார்த்தீங்களா? அதே வரிசையில, வலது கோடியிலிருந்து மூணாவது. எங்க பெரியப்பா! வகுப்புலயே முதல் மாணவர். மருந்துப் படிப்புக்கு வெளிநாடு போனவரு, அங்கேயே பெரிய ஆளாகி அங்கேயே காலமாயிட்டாரு. ஒரே வகுப்புல ஒரு பக்கம் அரக்கன், ஒரு பக்கம் உத்தமர்! அதையும் ஒரு பலகையா எழுதலாம்னு இருக்கேன்."

"காப்பகம் நடத்துற அம்மாவோட பிழைப்பு போயிடுச்சே, தெரியுமா?"

லாட்ஜ்காரர் முகத்தில் நிஜமாகவே கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. ஆனால் அது வந்த வேகத்தில் போனது. "நான் என்னம்மா பண்றது? அவங்க அப்பாதானே கத்தினாரு. வரலாறுன்னா நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

*

காப்பகத்தின் பின்னறையில் பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எண்பத்தைந்து வயது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

"ஐயா, உங்க அண்ணனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்," என்றார் டெய்லரம்மா.

"கதவைச் சாத்துங்க," என்றார் பெரியவர். "பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

கண்டக்டர் கதவைச் சாத்தினார். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க தலைமை ஆசிரியர் வாத்து வளர்த்தாரு. பள்ளிக்கூடத்துப் பின்னால ஒரு குட்டை. காலையில பிரேயர் மணி அடிச்சா வாத்துங்களும் வரிசையா வந்து நிக்கும். பசங்களைவிட ஒழுங்கா நிக்கும்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். டெய்லரம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"ஒரு நாள் காலையில அத்தனையும் செத்து மிதந்துச்சு. யாரோ ரொட்டியில விஷத்தைத் தடவிப் போட்டிருக்காங்க. விசாரணை. எனக்கு அப்ப ஏழு வயசு. எங்க வகுப்புக்கும் வந்து, 'யாராவது எதையாவது பார்த்தீங்களா?'ன்னு கேட்டாரு. நான் கையைத் தூக்கினேன். முந்தின நாள் சாயந்திரம் எங்க அண்ணன் பையில ஒரு சின்ன பாட்டில் இருந்துச்சு. நான் மிட்டாய்க்காகப் பையைத் துழாவினப்ப பார்த்தேன். அதைச் சொன்னேன்." அவர் நிறுத்தினார். "சரியான பதிலைச் சொல்லிட்டேன்னு பெருமையா உட்கார்ந்தேன்."

பெரியவர் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எல்லார் முன்னாலயும் வெச்சு அடிச்சாரு. வீட்டுல எங்க அப்பா மறுபடி அடிச்சாரு. 'நான் இல்லப்பா, அந்தப் பாட்டில் எப்படி வந்துச்சுன்னே தெரியாது'ன்னு அவன் கெஞ்சினான். ஒருத்தரும் நம்பல. நானும் நம்பல. மறுநாள் விடியும்போது ஆளில்ல. அந்தக் கண்காட்சியில அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாம்மா? எழுபத்தெட்டு வருஷம் கழிச்சு வந்துட்டான், ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுடலாம்னு. கீழே படிச்சதும்... வாத்துல ஆரம்பிச்சவன் மனுஷங்கள்ல போய் நின்னுட்டான் போலன்னு..."

"ஐயா," டெய்லரம்மாவின் குரல் அவசரமானது. "வாத்து மொத்தம் எத்தனை?"

"ஏழு."

*

தெருவுக்கு வந்ததும் கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு மேடம்! முதல் ஏழு! ரெண்டு வருஷமா போலீஸ் பிணத்தைத் தேடித் தோண்டியிருக்கு. வாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குட்டையில தேடியிருப்பாங்க. ஆனா நம்ம கேஸும் அதோட முடிஞ்சுது. கம்பவுண்டர் இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான். வாத்தைக் கொன்னதுக்கு அடி வாங்கினது இவங்க பெரியப்பாதான். காப்பகத்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால அந்தச் சின்ன நாற்காலியில மறுபடி உட்கார முடியாது."

"கம்பவுண்டர் சொன்னதை முழுசாச் சொல்லுங்க."

"பதினொண்ணு இல்ல, பதினெட்டு. முதல் ஏழுக்கு..." கண்டக்டர் நடையை நிறுத்தினார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார். "முதல் ஏழுக்கு இன்னொருவன் அடி வாங்கிவிட்டான்."

"அடி வாங்கினது உங்க ஆளு. அப்ப கொன்னது?"

"இன்னொருத்தன்!"

"பாட்டிலைப் பக்கத்துப் பையன் பையில போட்டுட்டு, அவன் அடி வாங்குறதை வரிசையில நின்னு பார்த்த ஒருத்தன். பதினெட்டு வருஷம் கழிச்சு, தூக்கு மேடைக்குப் போற நேரத்துலயும் அதை நினைச்சுச் சிரிச்சிருக்கான்."

"ஆனா மேடம், இடமிருந்து மூணாவதுன்னு அவனே எழுதி வெச்சிருக்கானே? அங்கே நிக்கிறது நம்ம பெரியப்பாதானே? அவரோட சொந்தத் தம்பியே அடையாளம் சொல்லிட்டாரு."

"அதுக்குத்தான் ஸ்டூடியோவுக்குப் போறோம். நடக்கும்போது உங்க பாக்கெட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

கண்டக்டர் தொட்டுப் பார்த்தார். சீப்பு இருந்தது. வேறொன்றும் விளங்கவில்லை.

*

ஸ்டூடியோவில் அசைய மறுத்த ஒரு குழந்தையைப் பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்து வியர்த்துப் போயிருந்தார் ஸ்டூடியோக்காரர். முப்பது வயதுக்காரர். தாத்தா ஆரம்பித்த கடை.

"கண்ணாடி நெகட்டிவை எப்படிப் பிரிண்ட் போட்டீங்க?"

"ஸ்கேனர்ல வெச்சேன், கம்ப்யூட்டர்ல கறுப்பை வெள்ளையாக்கினேன், பெருசு பண்ணினேன். அஞ்சு நிமிஷ வேலை."

"எந்தப் பக்கத்தைக் கீழே வெச்சீங்க?"

"எந்தப் பக்கமா? கண்ணாடிக்கு ஏதும்மா பக்கம்? இப்படிப் பார்த்தாலும் தெரியும், அப்படிப் பார்த்தாலும் தெரியும்."

டெய்லரம்மா சிரித்தார். அந்த நாளில் அவர் சிரித்த முதல் சிரிப்பு. "சரி, பசங்க கால்களை ஏன் வெட்டினீங்க?"

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "முன்வரிசைக் காலடியில ஒரு சிலேட்டு வெச்சிருந்தாங்க. அதுல ஏதோ வேற பாஷையில எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கவே வரல. நம்ம ஊர்ப் பசங்க படத்துல வேற பாஷை எதுக்குன்னு அந்த இடத்தை வெட்டிட்டேன்."

"அந்த நெகட்டிவை இப்பத் திருப்பி வெச்சு, வெட்டாம ஒரு தடவை போடுங்க."

ஸ்கேனரின் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. திரையில் படம் மேலிருந்து கீழே இறங்கியது. தலைகள், தோள்கள், பாக்கெட்டுகள், வரிசையாக வெறுங்கால்கள். கடைசியாக, சிலேட்டு.

அதில் அழகான தமிழில் எழுதியிருந்தது: ஒன்பதாம் வகுப்பு.

ஸ்டூடியோக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கண்ணாடியில பார்த்தா நம்ம தமிழே வேற பாஷைதான்," என்றார் டெய்லரம்மா. "கண்டக்டர், ஆம்பளைச் சட்டைக்குப் பாக்கெட் இடது நெஞ்சுல. எதிரே நிக்கிறவனைப் பார்த்தா அது நம்ம வலது கைப்பக்கம் தெரியணும். கண்காட்சிப் படத்துல பன்னிரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கம் இருந்துச்சு. ஒரு சட்டைன்னா டெய்லர் குடிச்சுட்டுத் தைச்சிருக்கான்னு விட்டுடலாம். பன்னிரண்டு சட்டையுமா?"

"படமே இடம் வலமா மாறி விழுந்திருக்கு!"

"ஆமா. கம்பவுண்டர் வெச்சிருந்தது இவரோட தாத்தா ஒழுங்காப் போட்ட படம். அதுல இடமிருந்து மூணாவதுன்னா, கண்காட்சிப் படத்துல வலமிருந்து மூணாவது."

கண்டக்டர் திரையில் விரலை வைத்து இடமிருந்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணெய் தடவிப் படியச் சீவிய தலை. நிமிர்ந்த முகம். கேமராவைப் பார்த்துச் சிரித்த ஒரே பையன் அவன்தான்.

"மேடம்," என்றார் கண்டக்டர் மெல்லிய குரலில், "இது வகுப்புலயே முதல் மாணவர் ஆச்சே."

*

லாட்ஜ்காரர் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். புதுப் படத்தையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்து, விரல்விட்டு மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் மூன்றாவது ஆள் மாறவில்லை.

"எங்க பெரியப்பா வெளிநாட்டுல இருந்தாரும்மா!"

"எந்த நாடு?"

"அது... அப்பா சொன்னதில்ல."

"ஒரு கடிதம்? ஒரு படம்? கல்யாணம், குழந்தைங்க?"

"அப்பாவுக்கு அவர் பேச்சை எடுத்தாலே பிடிக்காது. ரொம்பப் பாசம், அதனால தாங்க முடியலன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்." லாட்ஜ்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கைக்குக் கீழே வரிசையாக மருந்துப் பாட்டில்கள். அவற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க வீட்டுல இருமல் மருந்தே வாங்க மாட்டாங்கம்மா. சின்ன வயசுல ராத்திரி முழுக்க இருமுவேன். அம்மா அழுவாங்க. அப்பா வெந்நீரை மட்டும் கொண்டுவந்து குடுத்துட்டு, காலையில நான் எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரு. சாகுற வரைக்கும் ஒரு சிரப்புப் பாட்டிலை வீட்டுக்குள்ள விடல. கஞ்சத்தனம்னு நாங்க கேலி பண்ணுவோம்."

கண்டக்டரிடம் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை அவர் விழுங்கிவிட்டார்.

சற்றுக் கழித்து லாட்ஜ்காரர் கேட்டார், "யாருக்கெல்லாம் தெரியும்?"

"நாங்க ரெண்டு பேர், ஸ்டூடியோக்காரர், நீங்க. இனிமே காப்பகத்தம்மா."

"வெளியில சொல்லிடாதீங்கம்மா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி ஸ்கூல்ல டீச்சர். நாளைக்கு அவ வகுப்புக்கு யாரு பிள்ளையை அனுப்புவாங்க?" சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அதை முடிவு பண்ண வேண்டியது நான் இல்ல," என்றார் டெய்லரம்மா. "வாங்க, காப்பகத்துக்குப் போகலாம்."

*

காப்பகத்தம்மா முழுக்கதையையும் நின்றபடியே கேட்டாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே, முன்பு கண்டக்டர் மாட்டிக்கொண்ட அதே சின்ன நாற்காலியில் லாட்ஜ்காரர் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"உங்க பெரியப்பா பேரை ஊருக்குச் சொல்லி உங்க பொண்ணுங்களை அழ வெச்சா, எனக்கு ஒரு கொக்கியில ஒரு பை திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

அவர் தலை நிமிரவில்லை.

"நாளையிலேருந்து ஒரு வாரம் காலையில எட்டு மணிக்கு இந்த வாசல்ல வந்து நில்லுங்க. வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும், அந்தப் பக்கமாப் போற ஒவ்வொரு அம்மாகிட்டயும் உங்க வாயால சொல்லுங்க. 'படத்தைத் திருப்பி மாட்டிட்டேன், இவங்க பெரியப்பா நிரபராதி, தப்பு என்னோடது'ன்னு. 'அப்ப நிஜமான ஆள் யாரு?'ன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. எங்க அப்பாவுக்கு யோசிக்க அந்த நேரம்கூட நீங்க குடுக்கல."

மறுநாள் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே லாட்ஜ்காரர் வாசலில் நின்றார். ஷூ பளபளக்கவில்லை. கண்காட்சிப் பலகை அதற்கு முன்பே இறங்கியிருந்தது. முதலில் வந்த அம்மாவிடம் திக்கித் திணறிச் சொன்னார். அவள் எதிர்பார்த்தபடியே கேட்டாள், "அப்ப யாருதான் அந்தக் கொலைகாரன்?"

லாட்ஜ்காரர் சாலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளுதான்மா," என்றார்.

உள்ளே ஜன்னலோரம் நின்றிருந்த காப்பகத்தம்மா திரும்பிப் பார்த்தாள். இதை அவளும் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் குழந்தையைப் பார்த்தாள். பையைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். திரும்பிப் போகும்போது, "டீச்சரம்மாவை நான் கேட்டதாச் சொல்லுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பதினோரு பைகள் வந்தன.

பின்னறையில் டெய்லரம்மா பெரியவரின் மடியில் புதுப் படத்தை வைத்தார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது. மகள் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க பாட்டிலைப் பார்த்தது நிஜம்தான் ஐயா. நீங்க பொய் சொல்லல. அதை யாரு உள்ளே வெச்சாங்கன்னு பெரியவங்கதான் கேட்டிருக்கணும். ஒருத்தரும் கேக்கல."

பெரியவர் அண்ணனின் முகத்தின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டாள். 

பிறகு அவர் நிமிர்ந்தார். "தம்பி," என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். "பேப்பர்ல 'காணவில்லை'ன்னு ஒரு பத்தி வருமே, இன்னும் வருதா?"

"வருதுங்க ஐயா."

"எழுதிக்குங்க. அப்ப எங்க அப்பா போடல. அடிச்ச வெக்கத்துல போடவே இல்ல."

கண்டக்டர் பேனாவை எடுத்தார். "வயசு என்னங்க ஐயா போடட்டும்?"

"பதினாலு," என்றார் பெரியவர் சட்டென்று. பிறகு விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "இல்ல. தொண்ணூத்திரண்டு."

"சரிங்க. என்ன எழுதணும்?"

பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கண்டக்டர் ஒரு வார்த்தையும் தன் பங்குக்குச் சேர்க்காமல் எழுதினார்.

'அண்ணா, நீ செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வா. யாரும் அடிக்க மாட்டாங்க.'